நாற்பத்தேழாம் எண் மாடு

வெள்ளம் வடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பண்ணையின் இருபத்தாறு மாடுகளில் பதினொன்றைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டதென்று நிவாரண மனுவில் எழுதி, காதில் மாட்டிய அடையாள வில்லை எண்களையும் வரிசையாகப் போட்டு, அவள்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்று பத்து மணிக்குக் கால்நடை டாக்டர் வந்து சரிபார்த்துவிட்டால் பணம் கிடைத்துவிடும். தீவனக் கடைக்காரர் இனிக் கடனில்லை என்று ஏற்கெனவே கையை விரித்துவிட்டார்.

எட்டரைக்குக் கைபேசி அடித்தது. ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரர்.

"அக்கா, உங்க மாடு ஒண்ணு எங்க கொட்டகைல நிக்குது. நேத்து சாயங்காலம் தானா வந்துச்சு. காதுல நாப்பத்தேழு."

கிட்டே யாரையும் விடாத அந்தச் சண்டைக்காரியா! அவளுக்குச் சந்தோஷம் பொங்கி வந்தது. அடுத்த நொடியே மனுவின் நகலை எடுத்துப் பார்த்தாள். மனுவின் ஒன்பதாவது வரியில் நாற்பத்தேழு செத்துப்போயிருந்தது.

சேறு வழித்துக்கொண்டிருந்த கணவன் விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான்.

"ரெண்டு நாள் அங்கேயே கிடக்கட்டும்னு சொல்லு."

"தெரிஞ்சா மொத்தமும் போயிடுமேங்க. கேஸ் வேற போடுவாங்களாம்."

"யாரு போய்ச் சொல்லப் போறா? திருத்தணும்னு மனுவைத் திருப்பி அனுப்பிட்டா? கடைசித் தேதி முந்தாநாளே முடிஞ்சுபோச்சு. மிச்சம் இருக்குற பதினஞ்சுக்கு எதைப் போடுவே?"

பத்து மணிவரை அவள் வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்தாள்.

டாக்டர் இளம்பெண். முழங்கால்வரை சேறு, தூக்கம் கெட்டுக் கண் சிவந்திருந்தது. பட்டியலை விரித்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"நாப்பத்தேழு?"

"அதுவும் போச்சு டாக்டர்," என்றான் கணவன்.

பேனா அடுத்த எண்ணுக்குப் போனது, அதற்கடுத்ததற்கும். டாக்டர் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபோதுதான் மனைவி வாய் திறந்தாள்.

"நாப்பத்தேழு உயிரோட இருக்கு. காலைலதான் தகவல் வந்துச்சு."

கணவன் தரையைப் பார்த்தான். டாக்டர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு அந்த வரியை அடித்தாள்.

"பணம் அனுப்பின பிறகு தெரிஞ்சிருந்தா என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது. இப்ப தள்ளுபடி ஆகாதும்மா. ஆனா திருத்தம் மேலிடத்துக்குப் போய் வரணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது."

அன்று மத்தியானமே இருவரும் வண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மாடு எலும்பும் தோலுமாக நின்றது. கயிறு போடப் போனவனை முட்ட வந்தது.

"திமிர் மட்டும் குறையல," என்றான். டாக்டர் போனதிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை.

பணம் வர ஆறு வாரம் இழுத்தது. அதற்குள் இரண்டு கிடாரிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. ஒருநாள் அவள் பால் கறந்துகொண்டிருக்கையில் கணவன் வந்து கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினான். பத்து மாட்டுக்கான நிவாரணப் பணம் வரவாகியிருந்தது. எழுந்திருக்காமலே இரண்டு முறை படித்தாள். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.