குளத்தைப் பார்த்த வீடு

"ஒம்பதாம் நம்பர்னா கேட்டு பக்கத்துலயே இருக்குது, பஸ்ஸு ஏற—"

"எனக்கு பஸ்ஸும் வாணாம் காரும் வாணாம், இருபத்தேழு—"

"சொல்றத முழுசா கேளுடி. அது தெருக்குத்து வூடு. ரோடு நேரா வந்து வாசல்ல—"

"குத்திட்டுப் போவுது. இனிமே குத்தறதுக்கு எங்கிட்ட இன்னா மிச்சம் இருக்குது?"

நடுவில் நின்ற பெண் பேனாவை மூடினாள். "சார், அம்மா, ரெண்டு பேரும் சேந்து பேசினா நான் எந்த நம்பர எழுதறது?"

"இருபத்தேழு" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"எழுதாதம்மா" என்றார் செல்லமுத்து.

மாதிரி வீட்டின் கூடத்தில் நின்றிருந்தார்கள். தரை கண்ணாடி போல இருந்தது. வீடு விற்கிற பெண்ணுக்கு ஷாலினி என்று பேர், சங்கராபுரத்துப் பெண். கம்பெனி கொடுத்த கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்து ஏழு மாசத்தில் பெங்களூர்க்காரர்களையும் சென்னைக்காரர்களையும்தான் இங்கே கூட்டி வந்திருக்கிறேன், உள்ளூர்க்காரர் வீடு கேட்டு வருவது இதுதான் முதல் தடவை என்று வரும் வழியில் அவளே சொன்னாள். சொன்னபோது செல்லமுத்துவின் வேட்டியையும் கொளஞ்சியம்மாள் மடியில் வைத்திருந்த துணிப்பையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

உள்ளூர்க்காரர் என்பதற்கு மேல் ஒன்று இருந்தது. இந்த மண்ணே அவர்களுடையதாக இருந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் நாலரை ஏக்கர், கொளஞ்சியம்மாளுக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த நிலம். கரும்பு போட்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக, கோல்ஃப் மைதானமும் அதைச் சுற்றி வீடுகளும் கட்ட வந்த கம்பெனிக்கு விற்றார்கள். வண்டி போன பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி வந்தது. வெட்டின கரும்பை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் போனது. அப்படியும் கொளஞ்சியம்மாள் மூன்று மாசம் கையெழுத்துப் போடவில்லை. காரணம் கிணறு.

மூத்தவள் கலையரசி பதினாறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிணற்றில்தான் விழுந்தாள். பத்தொன்பது வயசு. கால் தவறி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் என்ன நடந்தது, செல்லமுத்து அவளை எத்தனை அறை அறைந்தார், என்ன சொல்லி வாசலைக் காட்டினார் என்பதெல்லாம் நாலு சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது.

கல்யாணமாகாமல் செத்த பெண் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அப்படியே போய்விடுவதில்லை. பூவாடைக்காரியாகி வீட்டோடு இருக்கிறாள். வீட்டில் ஒரு நல்லது என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. அவள் போன தண்ணீருக்கே போய், பம்பை மேளம் அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, செம்பில் மொண்டு, வழியில் எங்கேயும் கீழே வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுத்துணியும் பூவும் வைத்துப் படைக்க வேண்டும். அதற்கப்புறந்தான் பந்தக்கால். மகன் சுபாஷ் கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்தார்கள். கூப்பிட்டது கொளஞ்சியம்மாள். செல்லமுத்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இப்போது வைகாசியில் சின்னவள் அபிநயாவுக்குக் கல்யாணம்.

"கெணத்த மூட மாட்டாங்களாம். சுத்தி வெட்டிப் பெருசாக்கிக் கொளமா வச்சிக்குவாங்களாம். அவங்க ஆட்டத்துக்குத் தண்ணி வோணுமாமே" என்று செல்லமுத்து சொன்ன பிறகுதான் அவள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். கள்ளக்குறிச்சிக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். போன மாசம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து கேட்டில் நின்று, எங்கள் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். உள்ளே வீடு உள்ளவர்களுக்குத்தான் அனுமதி என்று காவலாள் திருப்பி அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அவள் சொன்னது ஒன்றுதான்: "அப்ப வூடு வாங்கு."

நிலம் விற்ற பணம் மொத்தமும் அந்த ஒரு வீட்டுக்குள் போய்விடும். போகட்டும் என்றாள். இருபத்தேழாம் நம்பர் வீட்டின் பின்பக்கம் குளத்தைப் பார்த்திருந்தது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்.

குளம் இருந்தது உண்மைதான். கிணறு அதற்குள் இல்லை. அது செல்லமுத்துவுக்குத் தெரியும். கேட்டுப் பக்கத்து வீடு, தெருக்குத்து, வாஸ்து என்று காலையிலிருந்து அவர் எதை எதையோ பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது அதனால்தான். சொல்லிவிட்டால் பணம் மிஞ்சும். சொல்லிவிட்டால் இவள் மிஞ்சுவாளா என்பதுதான் தெரியவில்லை.

"ஏம்மா, வூடு வாங்கிட்டா அந்தக் கொளத்தாண்ட போவலாமா?" கொளஞ்சியம்மாள் ஷாலினியைக் கேட்டாள்.

"தாராளமா போலாம்மா. காலையில வாக்கிங் போறதுக்குன்னே பாதை போட்டிருக்கோம்."

"தண்ணி மொள்ளலாமா?"

"தண்ணியா? வீட்டுக்குள்ளயே இருபத்தி நாலு மணி நேரமும் வருமேம்மா."

"பம்ப அடிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"சத்தம் வர்ற எதுக்கும் இங்க குடியிருக்கறவங்க சங்கத்துல முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும்மா."

"எம் பொண்ண கூப்பிடறதுக்கு சங்கத்துல இன்னாத்துக்கு எழுதிக் குடுக்கணும்?"

"ஓ, பொண்ணு வராங்களா? விருந்தாளின்னா ரொம்ப சுலபம்மா. கேட்டுல பேரு சொன்னா பாஸ் போட்டுக் குடுத்துருவாங்க."

"கலையரசின்னு எழுதிக்க" என்றாள் கொளஞ்சியம்மாள்.

ஷாலினி எழுதிக்கொண்டாள். "எந்த ஊர்ல இருக்காங்க?"

"போதும், வா, அந்தக் கொளத்த பாத்துட்டு வந்துருவோம்" என்றார் செல்லமுத்து. தான் தடுக்க நினைத்த இடத்துக்குத் தானே கூப்பிட்டுவிட்டோம் என்பது வாசற்படி இறங்கின பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பேட்டரி வண்டியில் போனார்கள். வேலிக்கு அந்தண்டை மாசி வெயிலில் நிலம் வெளுத்துக் கிடந்தது. இந்தண்டை கண் கூசுகிற பச்சை. தொப்பி போட்ட ரெண்டு பேர் கம்பியைத் தூக்கிப் பந்தைப் பார்த்துக் குறி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இம்மாம் புல்லு. ஒரு மாடு இல்ல" என்றாள் கொளஞ்சியம்மாள். அதற்கு ஷாலினி சிரித்தாள். செல்லமுத்து மரத்தையோ மடையையோ எதையாவது அடையாளம் பிடிக்கப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது.

குளத்தங்கரையில் அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் துணிப்பையிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்தாள்.

"இன்னிக்கு இன்னாத்துக்கு செம்பு?"

"ரெண்டு வருசம் கழிச்சிப் பாக்க வரன். வெறுங்கையோட வருவாங்களா?"

கரையில் இறங்கினவளுக்குக் கால் வழுக்கியது. குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டாள். மண் கைக்கு வரவில்லை. கறுப்பாக, தடித்த பிளாஸ்டிக் வந்தது.

"இது இன்னாதும்மா, தார்ப்பா மாரி?"

"தண்ணி கீழ எறங்காம இருக்கறதுக்கும்மா. குளம் பூரா விரிச்சிருக்கோம். ஆறடிதான் ஆழம். கொழந்தைங்க விழுந்தாகூட பயமில்ல."

கொளஞ்சியம்மாள் அப்படியே குந்தியிருந்தாள். "நம்மளுது அறுவது அடி" என்றாள்.

"கெணத்து வாயிலயும் சேத்து விரிச்சிட்டிருப்பான்" என்றார் செல்லமுத்து.

"கெணத்து மேட்டுல நின்னா ரெண்டு மலைக்கும் நடுவுல கணவா நேரா தெரியும். இங்க ஒரே மலையால்ல நிக்குது?"

"மேட்ட வெட்டித் தணிச்சிட்டாங்க இல்ல. அதனால அப்பிடித் தெரியுது."

எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. அவள் நம்பினாளா என்பது தெரியவில்லை. தண்ணீர்ப் பக்கம் குனிந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல் மெதுவாக, "கலை" என்றாள். கொஞ்சம் விட்டு, "அம்மா வந்திருக்கன்" என்றாள். தண்ணீரில் மருந்து வாடை அடித்தது. தூரத்தில் யாரோ பந்தை அடித்த சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணும் தெரியல" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"உடனே தெரிஞ்சிடுமா? பம்ப இல்ல, பூ இல்ல. வைகாசியில மொறையா கூப்பிடு, வருவா."

அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சை அவள் கேட்டதே இல்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவரை நன்றியோடு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் செல்லமுத்து ஷாலினி பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் போகட்டும். சாகிற வரைக்கும் ஜன்னலைத் திறந்து பிளாஸ்டிக்கைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும்.

"எழுதிக்கம்மா. இருபத்தேழே இருக்கட்டும்."

ஷாலினி வண்டியிலிருந்து காகிதங்களை எடுத்து வந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தது. கொளஞ்சியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

அப்போதுதான் மாயவன் வந்தான். இருபது வருஷம் அவர்கள் கரும்பை வெட்டினவன். இப்போது கம்பெனியின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். கையில் ரப்பர் குழாயோடு, சிரித்த முகமாக வந்தான்.

"அம்மா, நல்லாக்கீறீங்களா? மொதலாளி, கும்புடறன்."

"மாயவா, நீ இங்கதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. நம்ம கெணறு இந்தக் கொளத்துல எந்தப் பக்கம்டா வருது? நடுவுலயா, கர ஓரமாவா?"

மாயவன் செல்லமுத்துவைப் பார்த்தான். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, அவிழ்க்க மறந்த தலைப்பாகை மாதிரி.

"அவர இன்னாத்துக்குப் பாக்கற? எனக்குச் சொல்லு."

"இந்தக் கொளம் புதுசா வெட்டனதும்மா. கெணறு… தோ, அந்தாண்ட கொடி நட்டிருக்குது பாருங்க, அதுக்கு இந்தண்ட."

"அங்க புல்லுதான இருக்குது."

"மூடியாச்சும்மா."

செல்லமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார். "கம்பெனிக்காரன் செஞ்சதுக்கு நான் இன்னா பண்ணுவன் கொளஞ்சி? எங்கிட்ட கொளம்னுதான் சொன்னான்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. மாயவனைத்தான் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்டு சோறு துன்னவன்தான நீ. எம் பொண்ணு இருக்கற கெணத்த மூடச்சே பாத்துக்கினு நின்னியே, எனக்கு ஒரு வார்த்த வந்து சொல்லணும்னு தோணல இல்ல உனக்கு? குழாய் புடிக்கிற வேல குடுத்ததும் வாயக் கட்டிட்டானுங்களா?"

மாயவனுக்கு முகம் சிறுத்துவிட்டது. குழாயைக் கீழே போட்டான். தண்ணீர் அவன் காலைச் சுற்றி ஓடியது.

"எம்மேல ஏம்மா பாயறீங்க? இஞ்சினியரு நல்ல கல்லுக் கட்டடம், சுத்திக் கம்பி போட்டு வச்சிக்கலாம்னுதான் சொன்னாரு. மொதலாளியே வந்து நின்னு மூடுங்கன்னு சொல்லச்சே நான் யாரு உங்ககிட்ட ஓடி வர்றதுக்கு?"

"டேய்" என்றார் செல்லமுத்து.

"சொல்லட்டும். எத்தினி லோடு?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"பதினோரு டிராக்டரு மண்ணும்மா. மேலாக்க கல்லு."

"தண்ணி இருந்துதா?"

"ஆடி மாசமாச்சே. முக்கா கெணறு இருந்துது."

"இவுரு எங்க நின்னாரு?"

"தென்னமரத்தாண்ட. முடியற மட்டும் நின்னாரு. டீ வாங்கியாந்து குடுத்தன், குடிக்கல."

ஷாலினி காகிதங்களை மெல்ல அடுக்கிக்கொண்டாள். "அம்மா, இன்னொரு நாள் வேணும்னா…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். கொளஞ்சியம்மாள் பேனாவை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். மூடியை ஞாபகமாகப் போட்டுக் கொடுத்தாள்.

செல்லமுத்துவுக்கு அந்தத் தென்னமர நிழல் ஞாபகம் வந்தது. முதல் லோடு விழுந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து எழுந்த சத்தமும் வந்தது. ஒவ்வொரு லோடுக்கும் அது குறைந்துகொண்டே வந்து, ஏழாவதுக்கோ எட்டாவதுக்கோ மண்மேல் மண் விழுகிற சத்தமாக மாறியது. அன்றோடு முடிந்தது என்று நினைத்தார். மோட்டார் போடப் போன ஒவ்வொரு காலையிலும் தண்ணீரைப் பார்க்காமல் பொத்தானைத் தடவித் தேடினதெல்லாம் இதோடு போய்விட்டது என்று நினைத்தார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார் என்பதை இவளிடம் எப்படிச் சொல்வது?

கொளஞ்சியம்மாள் கரையேறி வந்து அவருக்கு நேராக நின்றாள். அழவில்லை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

"மூடனது மூடிட்ட. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறன். மொத லோடு கொட்டறதுக்கு முன்னாடி, 'எழுந்து வாம்மா, வூட்டுக்குப் போலாம்'னு ஒரு தரம், ஒரே ஒரு தரம், அவ பேரச் சொல்லி கூப்ட்டியா?"