எந்தப் பக்கம் உரசுகிறது

1964 புரட்டாசியில் ரஃபியுதீனின் ஜீப் நான்கு விரற்கடை உயர்ந்தது. உயர்த்தியவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பட்டறை வைத்திருந்த தேவநாதன். ஸ்பிரிங் கட்டுகளில் கூடுதல் பட்டைகளைச் சேர்த்து, பழைய ஆறு இஞ்ச் டயர்களைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் டயர்களை மாட்டினார்.

காரணம் இருந்தது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்து ஏலத்தில் வந்த ஜீப் அது. ஸ்டியரிங் இடது பக்கம். ரஃபியுதீன் அதைச் சிதம்பரத்தில் வாடகைக்கு ஓட்டினார். முந்தின வருஷத்து மழையில், கிள்ளைக்கு அப்பால் ஒரு குப்பத்திலிருந்து காய்ச்சல் கண்ட குழந்தையை ஏற்றி வரும்போது வண்டியின் அடிவயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரமும் சுற்றின, வண்டி நகரவில்லை. தகப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தான். குழந்தை பிழைத்தது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதை ரஃபியுதீனால் மறக்க முடியவில்லை.

புது டயரோடு சிதம்பரம் வந்து, தன் சந்துக்குள் வண்டியை ஒடித்தபோதுதான் முதல்முறை அது வந்தது. சர்ர் என்று ஒரு உரசல். இறங்கிப் பார்த்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அவருடைய கை முழுதாக நுழைந்தது. இவ்வளவு இடம் இருக்கும்போது எது உரசும்?

மறுநாள் கடலூருக்குப் போனார். தேவநாதன் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கடற்கரைச் சாலை வரை ஓட்டிவிட்டு வந்தார்.

"ஒண்ணும் உரசல பாய். வெண்ணெ மாதிரி போவுது."

"நேத்து உரசிச்சு மேஸ்திரி."

"கல்லுகில்லு மாட்டியிருக்கும்."

திரும்பி வந்தார். சந்தில் மறுபடியும் சர்ர். அடுத்த வாரம் மறுபடியும் பட்டறை. தேவநாதன் மட்கார்டின் ஓரத்தை ஒரு இஞ்ச் வெட்டி உள்பக்கம் மடித்துவிட்டார். சந்துக்கு வந்ததும் சத்தமும் வந்தது. மூன்றாம் முறை போனபோது தேவநாதன் டயரைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"ராத்திரி சரியாத் தூங்குறீங்களா பாய்?"

அந்தக் கேள்வி ரஃபியுதீனைக் குழப்பிவிட்டது. அவரைப் பெற்ற அத்தாவுக்கு ஐம்பது வயது தாண்டுவதற்குள் காது போனது. போவதற்கு முன்னால் இல்லாத சத்தமெல்லாம் கேட்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரஃபியுதீனுக்கு இப்போது நாற்பத்தேழு.

வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி சர்புன்னிசா கடலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக ஜீப்பில் ஏறினாள். முன்சீட்டில் தங்கைக்கான பலகாரக் கூடை இருந்ததால், பின்னால் இடப்பக்கத்து நீளப் பலகையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இரண்டு அரிசி மூட்டைகள். சந்திலிருந்து வெளியே திரும்பும்போது ரஃபியுதீனுக்கு அந்த உரசல் தெரிந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. புதுச்சத்திரம் தாண்டி ரோடு குண்டும் குழியுமானபோது அவள் அவர் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, எனக்குக் கீழ ஏதோ டர்ரு டர்ருன்னு தேய்க்குது."

வண்டியை ஓரங்கட்டினார். "கீழயா? முன்னாடியில்ல?"

"முன்னாடி ஒண்ணும் கேக்கல. எனக்கு நேரா கீழ. அப்பலேருந்து நாலஞ்சு தடவ தேய்ச்சிருச்சு. ஒங்களுக்குக் கேக்கலயா?"

அவருக்கு அப்படி எதுவுமே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. தேவநாதனுக்கு இரண்டுமே கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்தார். அங்கேயும் மூன்று விரல் இடம் இருந்தது. யாருடைய காதை நம்புவது என்று தெரியவில்லை.

பட்டறையில் சர்புன்னிசாதான் பேசினாள். தேவநாதன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு தகரத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, நான்கு டயர்களின் தோளிலும் உள்பக்கத்திலும் கெட்டியாகப் பூசினார். காயும்வரை மூவரும் காத்திருந்தார்கள்.

"இந்தத் தடவ நான் தனியா ஓட்டல. நீங்களே ஓட்டுங்க பாய். ஒங்க வீட்டம்மா அதே எடத்துல ஒக்காரட்டும், மூட்டையும் இருக்கட்டும். மேடு பள்ளம் பாத்து வுடுங்க. வீட்டாண்ட எப்படி ஒடிப்பீங்களோ அப்படியே ஒடிங்க."

பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ரஃபியுதீன் வண்டியை வாய்க்காலில் இறக்கி ஏற்றினார். ஸ்டியரிங்கைக் கடைசிவரை இடப்பக்கம் ஒடித்தார், வலப்பக்கம் ஒடித்தார். நிறுத்தியதும் தேவநாதன் அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் வெட்கம் இருந்தது.

"ரெண்டு பேரு சொன்னதும் நெசம்."

முன்டயரின் உள்பக்கத்தில் சுண்ணாம்பு வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது. அந்த வெள்ளை ஸ்பிரிங் பட்டையின் விளிம்பில் ஒட்டியிருந்தது. பின்னால், சர்புன்னிசா உட்கார்ந்த பலகையை இறுக்கியிருந்த போல்ட்டின் வால் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியும் வெள்ளை.

"நாம மேலயே பாத்துக்கிட்டிருந்தோம். வண்டியத் தூக்குனா மேலதான் எடம் கெடைக்கும். பக்கவாட்டுல அதே எடந்தான், ஆனா டயரு தடிப்பாயிடுச்சு. முழுசா ஒடிச்சா பட்டையில போயி தேய்க்குது. நான் ஓட்டுனது அகலமான ரோடு, முழுசா ஒடிக்கவே இல்ல. பின்னாடி பாரமும் இல்ல. என் தப்புதான் பாய். ஒங்களப் போயி தூங்குறீங்களான்னு கேட்டேன்."

போல்ட்டின் வாலை அறுத்தார். சக்கரம் கடைசிவரை திரும்பாதபடி முன்பக்கம் தடுக்கும் திருகுகளை நான்கு சுற்று வெளியே எடுத்தார். "இனிமே கொஞ்சம் அகலமாத் திரும்பும். சந்துல ஒருக்கா பின்னாடி எடுத்து ஓட்டிக்கிடுங்க."

ரஃபியுதீனுக்கு நெஞ்சு லேசானது. கூடையையும் மூட்டைகளையும் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு ஊர் திரும்பும்போது உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். ஆலப்பாக்கம் வந்ததும், முன்சீட்டுக்கு மாறியிருந்த சர்புன்னிசா கேட்டாள்.

"பின்னாடி தேய்ச்சது ஏன் ஒங்களுக்குக் கேக்கல? ஒங்க முதுகுக்கு ரெண்டடி தள்ளித்தானே?"

"இஞ்சின் சத்தத்துல..."

"எனக்குக் கேட்டுச்சே."

அவர் யோசித்தார். முன்பக்கத்து உரசலை மட்டும் எப்படிக் கேட்டோம் என்று நினைத்துப் பார்த்தபோது, சந்தும் திருப்பமும் ஞாபகம் வந்தன. உள்ளங்கையில் ஸ்டியரிங் நடுங்கியது ஞாபகம் வந்தது. சத்தத்தை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

"நான் அதக் காதால கேக்கல போலிருக்கு சர்புன்னிசா. கையாலதான் கேட்டிருக்கேன்."

 

திங்கட்கிழமை சிதம்பரத்தில் டாக்டர் அவருடைய காதுகளைச் சோதித்தார். வலது காது பழுதில்லை, இடது காது முக்கால்வாசி போய்விட்டது என்றார். ஓட்டுவதை நிறுத்த வேண்டுமா என்று ரஃபியுதீன் கேட்டார். டாக்டர், இப்போதைக்கு வேண்டாம், பின்னால் வருகிற வண்டியைப் பார்க்க இடப்பக்கம் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் சர்புன்னிசா அவருடைய வலது பக்கமாகப் போய் நடந்தாள். கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே இருவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள்.