தெரியாது என்று சொல்லலாம்

சிவசங்கரிக்கு ஆசிரியர் பயிற்சியில் இரண்டாவது செமஸ்டர் தேர்வு முடிந்து, அடுத்தது தொடங்க ஆறு வாரம் இருந்தது. மற்ற பெண்கள் அவரவர் வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்தார்கள். அவள் பீர்மேட்டுக்கு மேலே தங்கள் எஸ்டேட்டில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கு நேரே போய், சம்பளம் எதுவும் வேண்டாம், வகுப்பெடுக்க மட்டும் விட்டால் போதும் என்று கேட்டாள். நாலு வகுப்புக்கும் சேர்த்து முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டே டீச்சர்கள். தலைமையாசிரியை கத்தரீனாள் மறு யோசனை இல்லாமல் மூன்றாம் வகுப்பை அவளிடம் கொடுத்துவிட்டார்.

அதே மூன்றாம் வகுப்பில்தான் சிவசங்கரியும் படித்தாள். அப்போதிருந்த சார் ஒருவர் ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். அவளுக்கு அது தலைகீழாகத் தெரியும். ஆனால் அவர் கையிலிருந்த மரஸ்கேலைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. விரல் முட்டிகளில் அடி விழுந்தது. பாவாடை நனைந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் அந்த நனைந்த பாவாடையோடு தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் வரை நடந்துபோன தூரம் அவளுக்கு மறக்கவில்லை. பயிற்சியில் சேரும்போது ஏன் டீச்சராக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். பிள்ளைகள் பயமில்லாமல் 'தெரியாது' என்று சொல்லக்கூடிய ஒரு டீச்சராக இருக்க வேண்டும் என்றாள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளிடமும் அதைத்தான் சொன்னாள். இங்கே யாரும் எப்போது வேண்டுமானாலும் தெரியாது என்று சொல்லலாம், டீச்சர் கோபப்பட மாட்டேன் என்றாள். பிள்ளைகள் நம்பவில்லை. நம்புவதற்கு ஒரு வாரம் ஆனது. அதில் கடைசியாக நம்பியவள் மௌனிகா.

மௌனிகா பக்கத்து லயத்து வனிதாவின் மகள். எட்டு வயது. எழுத்துக்கள் தெரியும். ஆனால் இரண்டு எழுத்தைச் சேர்த்தால் மலைத்து நின்றுவிடுவாள். சிவசங்கரி தினமும் மதியச் சோற்றுக்குப் பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கச் சொல்வாள். மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை அந்தப் பிள்ளை, 'மழை பெய்தது. ஆறு நிரம்பியது. மீன்கள் துள்ளின' என்று மூன்று வரியைத் தடுமாறாமல் வாசித்தது. வாசித்துவிட்டு, தான்தான் வாசித்தோமா என்பது போலப் புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தது. அன்றைக்கு சிவசங்கரிக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டில் அம்மா அழகுத்தாயிடம் அதை மூன்று தடவை சொன்னாள்.

புதன்கிழமை கத்தரீனாள் டீச்சருக்குக் கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. ஆபீசில் கூட்டம். இன்னொரு டீச்சர் காய்ச்சலில் படுத்துவிட்டார். முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே கூடத்தில். மழை தகரக்கூரையில் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. கத்திக் கத்திப் பதினோரு மணிக்கே சிவசங்கரியின் தொண்டை கட்டிவிட்டது. நாலாம் வகுப்பில் இரண்டு பேர் கட்டிப் புரண்டு ஒருவனுக்கு மூக்கில் ரத்தம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அம்மாவைத் தேடி அழுதது. மழை சற்று விட்டபோது அவள் மௌனிகாவை முன்னால் அழைத்தாள். எல்லாரும் கேளுங்கள், மௌனிகா வாசிக்கப் போகிறாள் என்றாள். அந்தப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டாவது கூடம் அடங்கும் என்று நினைத்தாள். அடங்காவிட்டாலும் தன் மனசாவது அடங்கும் என்று நினைத்திருக்கலாம்.

மௌனிகா புத்தகத்தைப் பார்த்தாள். அதே பக்கம், அதே மூன்று வரி. பிறகு நிமிர்ந்து சிரித்தாள்.

"தெரியாது டீச்சர்."

அதில் பயம் துளியும் இல்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிவசங்கரியின் கை தானாக எழுந்து அந்தக் கன்னத்தில் விழுந்தது.

கூடம் அப்படியே அடங்கியது. அழுதுகொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டது. கூரையில் தேங்கிய நீர் சொட்டுவது கேட்டது. மௌனிகா அழவில்லை. புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மழை பெய்தது, ஆறு நிரம்பியது, மீன்கள் துள்ளின என்று ஒரு பிழையுமில்லாமல் வாசித்தாள். நிறுத்தச் சொல்லாததால் அடுத்த பக்கத்தையும் வாசித்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

அன்று மீதி நேரம் சிவசங்கரி பாடம் நடத்தினாள். அத்தனை ஒழுங்காக அதுவரை அவள் நடத்தியதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் கைகள் உயர்ந்தன.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்பதற்காக வனிதாவின் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வதென்று கோத்துக்கொண்டே போனாள். வனிதா அப்போதுதான் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, ஈரம் சொட்டும் பிளாஸ்டிக் விரிப்பை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் சிவசங்கரியை 'அழகுத்தாய் மக' என்றுதான் சொல்வாள். மிஞ்சிப் போனால் 'பாப்பா'. அன்றைக்கு முக்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டு, "வாங்க டீச்சர்" என்றாள்.

சிவசங்கரி உட்காரவில்லை. "அக்கா, இன்னைக்கு நான் இவள அடிச்சிட்டேன்" என்றாள்.

"சொன்னா. அடுத்த பக்கமும் வாசிச்சாளாமே. நல்லாப் போடுங்க டீச்சர். நாங்க விடிஞ்சதும் மலைக்குப் போயி பொழுதடைஞ்சப்புறம் வாரோம், அடிச்சு உக்கார வைக்கதுக்கு ஆளில்ல. இத்தன நாளும் நீங்க சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தீங்க, அதான் இவளுக்கு ஏறல."

அது தப்பு, அடித்தால் படிப்பு வராது என்று சிவசங்கரி சொல்ல வாயெடுத்தாள். ஆனால் படிப்பு வந்திருந்தது. மௌனிகா அடுப்பருகே உட்கார்ந்து பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். கறுப்புச் சாயா கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் கத்தரீனாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாயும் தகப்பனும் கம்ப்ளெயின்ட் கொடுப்பார்களா என்று அவர் முதலில் கேட்டார். மாட்டார்கள் என்று தெரிந்ததும் முகம் இளகி, அவள் தோளில் கைவைத்தார். நல்ல மனுஷி, ஆறுதலாகத்தான் சொன்னார். "மொத அடி அப்பிடித்தான்மா இருக்கும். எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. பெறகு பழகிரும்."

வகுப்புக்குள் போனபோது ஒரு சத்தமில்லை. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மௌனிகா மட்டும் மேசைக்கு வந்து, தோல் சீவி முடிச்சுகளை வழித்து வழுவழுப்பாக்கிய ஒரு கொய்யாக் கம்பை நீட்டினாள். யார் கொடுத்து அனுப்பினது என்று கேட்டதற்கு, தானே வெட்டியது என்றாள்.

"கையால அடிச்சா ஒங்களுக்கு வலிக்கும்லா டீச்சர்."

சிவசங்கரி அதை வாங்கி மேசையில் வைத்தாள். இனி யாரையும் அடிக்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள், எதற்கும் தலையாட்டுகிற மாதிரி. மணி அடித்ததும் கம்பைத் தேயிலைக்குள் வீசிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அது மேசையில் கிடந்த அந்த ஒரு நாள் முழுக்க வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஒரு கணக்கை எட்டுப் பேர் சரியாகப் போட்டார்கள். யாருக்காவது தெரியவில்லையா என்று கேட்டாள். ஒருவரும் தெரியாது என்று சொல்லவில்லை. மூன்று மணிவாக்கில் பின்வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். உடனே நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று குனிந்து பார்த்தால், அவள் கை கம்பின் மேல் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னாள். கத்தரீனாள் டீச்சர், அவள் வகுப்பெடுத்ததற்கு ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தனுப்பினார். வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கத் தெரிந்தவர் என்று அதில் ஒரு வரி இருந்தது. படிப்பை நிறுத்திவிடலாமா என்று ஒரு நாள் அப்பா பாண்டித்துரையிடம் கேட்டுப் பார்த்தாள். ஃபேக்டரி ஷிப்டிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், அவள் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து, எஸ்டேட்டில் எல்லாரும் இப்போதே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ஜூலை நடுவில் பெட்டியோடு ஜீப்புக்காக நின்றபோது, எதிர்க்கடையில் வனிதா சாமான் வாங்கிக்கொண்டிருந்தாள். மௌனிகாவின் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். சிவசங்கரியைக் கண்டதும் பிள்ளை பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கி, கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றது. இப்போதெல்லாம் கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறாள் என்று வனிதா பெருமையாகச் சொன்னாள். டீச்சருக்கு வாசித்துக் காட்டச் சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த மாரியம்மன் கோயில் நோட்டீசைக் காட்டினாள்.

மௌனிகா சத்தமாக, வகுப்புக் குரலில் வாசித்தாள். கும்மியாட்டம், அன்னதானம், விழாக் கமிட்டி எல்லாம் சரியாக வந்தன. ஒவ்வொரு வரி முடிந்ததும் திரும்பி, சிவசங்கரியின் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சிவசங்கரி அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு, ஜீப் வருகிறதா என்று வளைவைப் பார்த்தபடி நின்றாள்.