மூணு கட்டை

வேம்பு மயிலாப்பூர்க்காரர். அதனால் ராக் பாட்டுக்கும் கட்டைக் கணக்கில்தான் சுருதி சொல்வார். ஊரில் மற்ற பாண்டுக்காரர்கள் ‘ஈ மேஜர்’ என்பதை அவர் ‘மூணு கட்டை’ என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அறுபத்தொன்பதில் ஐந்து பேராக ஆரம்பித்த ‘டேங்க் ஸ்கொயர் ஃபைவ்’, தொண்ணூற்றாறில் நான்கு பேராக இருந்தது. பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. பாட்டு வேம்பு, கிடார் பொன்ராஜ், டிரம்ஸ் பரத்வாஜ், கீபோர்டு ராயப்பேட்டை மெஹபூப் பாஷா. கனடாவுக்குப் போய்விட்ட ஐந்தாவது ஆளின் பேஸ் கிடாரைப் பாஷாவின் இடது கை பார்த்துக்கொண்டது. ஹோட்டல்களில் நடன மேடைகள் மூடின, டிஸ்கோ வந்தது, அதுவும் போனது. கூட இருந்த குழுக்கள் எல்லாம் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு மாறிவிட்டன. இவர்கள் மட்டும் அழும்பு பிடித்தமாதிரி சொந்தப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தார்கள்.

அதில் உச்சம் ‘மந்தைவெளி மழை’. கடைசி வரியில் வேம்பு ஒரு கூவல் கூவுவார். அதைக் கேட்கத்தான் பாதிக் கூட்டம் வரும்.

தொண்ணூற்றொன்றில் அடையாறு கிளப் மேடையில் யாரோ ஒருவர், “எப்ப சார் ரிடையர்மென்ட்?” என்று கேட்டுவிட்டார். வேம்பு மைக்கிலேயே பதில் சொன்னார்: “இந்தப் பாட்டை என்னிக்கு மூணு கட்டையில பாட முடியலையோ, அன்னிக்கே மைக்கைக் கீழ வெச்சுட்டு ஆத்துக்குப் போயிடுவேன்.”

கூட்டம் கைதட்டியது. பொன்ராஜுக்கு மட்டும் பகீரென்றது. வேம்பு சொன்னால் சொன்னதுதான். சினிமாப் பாட்டு பாடமாட்டேன் என்று எழுபத்திரண்டில் சொன்னவர், சொந்தப் பெண்ணின் கல்யாண ரிசப்ஷனில்கூட வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் அது ஒரு மனக்குறை.

பொன்ராஜுக்கு ரங்கநாதன் தெருவில் அண்ணன்மாருடைய ஜவுளிக்கடை. வாரம் முழுக்கச் சேலையை விரிப்பதும் மடிப்பதும்தான் பிழைப்பு. வியாபாரம் கொழிக்கிற ஞாயிற்றுக்கிழமையில் அண்ணனிடம் வசவு வாங்கிக்கொண்டு மந்தைவெளி ஷெட்டுக்கு ரிகர்சலுக்கு ஓடிவருவார். பாண்டு நின்றுவிட்டால் வாழ்க்கையில் மிச்சம் ஜவுளிதான்.

மறு வருஷமே ஒரு ரிகர்சலில் அந்தக் கூவல் பாதியில் உடைந்தது. வேம்பு வெந்நீர் குடித்தார், தூசியைத் திட்டினார், மறுபடி பாடினார். மறுபடி உடைந்தது. அடுத்த ஞாயிறு பொன்ராஜ் முன்கூட்டியே வந்து, ஆறு தந்திகளையும் அரைக் கட்டை இறக்கிவைத்தார்.

“இன்னா மச்சி, கம்மியா கீது?” என்றார் பாஷா. பொன்ராஜ் வேம்புவின் மைக்கைக் கண்ணால் காட்டினார். பாஷாவுக்குப் புரிந்துவிட்டது. அவருடைய கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விரல் பழைய கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் இறங்கிக் கேட்கும். அழுத்தினார்.

அன்றைக்கு வேம்பு அனாயாசமாகப் பாடினார். “பாத்தேளா, மூணு கட்டை! வயசானாத்தான் தொண்டை திறக்கறது” என்றார். பாஷா இல்லாத இருமலை இருமினார்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு அரைக் கட்டை இறங்கியது. மூணு, இப்படியாக ரெண்டு ஆயிற்று. யாரும் மூச்சு விடவில்லை.

தொண்ணூற்றாறு டிசம்பரில் அதே கிளப்பின் புல்வெளியில் கச்சேரி. மயிலாப்பூரே சபாக்களில் அடைந்து கிடந்த மாதம், ஆனாலும் நாற்காலிகள் நிறைந்திருந்தன. எல்லாம் நன்றாகத்தான் போனது. ‘மந்தைவெளி மழை’க்கு முன்னால் கரண்ட் போனது. கொஞ்ச நேரம் இருட்டு, கொசுக்கடி, பிறகு ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் வந்தன.

பாஷா உற்சாகமாக முகப்பிசையை ஆரம்பித்தார். கரண்ட் போய் வந்தால் அந்தக் கீபோர்டு, இறக்கிவைத்ததை மறந்து பழைய இடத்துக்கே போய் நின்றுவிடும். ஷெட்டில் ஒவ்வொரு தடவையும் ஞாபகமாகப் பொத்தானை அழுத்துகிற மனுஷன் இன்றைக்கு மறந்துபோனார். பொன்ராஜின் கிடார் சேர்ந்ததும் சகிக்கமுடியாத அபஸ்வரம் எழுந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. பொன்ராஜுக்கு வேம்புவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வேம்பு நிதானமாகத் திரும்பினார். மைக்கைப் பொத்தக்கூட இல்லை.

“பாஷா, நீ மூணுல நிக்கறே. நாங்கள்ளாம் ரெண்டுல இருக்கோம். எறங்கி வா.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாஷா பேய் முழி முழித்துவிட்டுப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார். பாட்டு மறுபடி தொடங்கியது. கடைசிக் கூவல் வந்தது, உடையாமல் நின்றது, கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொன்ராஜுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. என்ன வாசித்தோம் என்றும் தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் வேம்பு ஃபிளாஸ்க்கைத் திறந்து காபியை ஊற்றிக்கொண்டார்.

“எப்ப இருந்து தெரியும், சாமி?” என்று கேட்டார் பொன்ராஜ். அந்த ‘சாமி’ முதலில் கேலியாக வைத்தது. பிறகு அதுவே கூப்பிடும் பெயராகிவிட்டது.

“மொத நாளே தெரியும்டா. நீ எறக்கின அன்னிக்கு ஆத்துக்குப் போனா, என் ஆம்படையா மூணு கட்டையில சுருதிப் பெட்டியைப் போட்டுண்டு பாடிண்டிருந்தா. என் வாயில இருந்த பாட்டு அதோட ஒட்டவே இல்லை. ‘ரெண்டரையில பாடிட்டு வந்திருக்கேளே’ன்னா.”

“அப்பவே எங்ககிட்ட சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னா நான் நிறுத்தணுமே. மைக்குல சொன்ன வார்த்தையாச்சே. தெரியாதவனா இருந்தா பாடிண்டே இருக்கலாம்.”

“அட இன்னா நைனா!” பாஷா தலையில் கை வைத்தார். “நாலு வருசமா நாங்க உன்னிய ஏமாத்திக்கினு கீறோம், நீ எங்கள ஏமாத்திக்கினு கீறே!”

பரத்வாஜ் சிரித்தார். பொன்ராஜால் சிரிக்கமுடியவில்லை.

“இப்ப அதே மைக்குலயே சொல்லிட்டியே,” என்றார். “அப்ப நிறுத்திருவியா?”

வேம்பு காபியைக் குடித்து முடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மைக்கை அந்தத் துண்டிலேயே சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டவர், கேட்டருகே நின்றார்.

“ஞாயித்துக்கிழமை ரிகர்சல் உண்டோல்லியோ?”

“உண்டு.”

“கடைசி வரி இப்போ ரெண்டுலயும் முட்டறது. இன்னும் ஒரு அரைக் கட்டை எறக்கிடு.” இரண்டடி நடந்து, திரும்பிப் பார்த்தார். “ஆனா எனக்குத் தெரியாம எறக்கணும், கேட்டியா?”