டூர் ஏற்பாடு செய்த பெண்

பெண் பார்ப்பதைக் கோயிலில் 'எதேச்சையாக' வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பெங்களூர் வைட்ஃபீல்டில் கோயிலுக்கா பஞ்சம்? ரங்கநாதன் குடும்பம் அதற்குப் பாலித் தீவுவரை போனது. மூத்த மகள் சிந்துவுக்கு மட்டும் அது தெரியாது.

விவாகரத்தாகி வீட்டோடு வந்துவிட்ட அவளிடம் அப்பா சொன்னது வேறு.

"எரிமலை, கடல்னு பார்த்தா மனசு ஆறும்மா. நாம நாலு பேரும் போலாம். நீயே எல்லாம் பண்ணு."

ஒரு வருஷமாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசாத மனிதர். அந்த 'நாலு பேரு'க்கே சிந்து உருகிப்போனாள். டிக்கெட்டிலிருந்து அம்மா மங்களத்துக்குத் தயிர்சாதம் கிடைக்கிற ஹோட்டல்வரை தேடிப்பிடித்தாள்.

எரிமலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சிந்துதான் கையைப் பிடித்து உச்சிவரை ஏற்றினாள். பாறை இடுக்கில் வந்த ஆவியில் சின்னப் பிள்ளைபோல் கைநீட்டிச் சூடு பார்த்துவிட்டு, "நீ இல்லன்னா ஏறியிருக்கவே மாட்டேன்டா," என்றார். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

மறுநாள் மாலை பக்கத்துக் கடலோரக் கிராமத்துக்குப் போனார்கள். கருப்பு மணல், கரையில் படகுகள். மீன் நாற்றத்துக்கு நடுவே தங்கை தர்ஷினி பட்டுச் சல்வாரில் வந்து நின்றாள். எதிரே ஒரு பெங்களூர்க் குடும்பம், கல்யாண வயதில் ஒரு பையனோடு.

"அட, நீங்களா! எங்க வந்து பார்த்துக்கறோம் பாருங்க!" என்று அம்மா வியந்தாள். அந்த நடிப்பைப் பார்த்ததும் சிந்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பையனின் அம்மா அவளைக் காட்டி, "இவங்க?" என்றார்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "டூர் ஏற்பாடு பண்ண பொண்ணுங்க."

பொய் என்று சொல்ல முடியாது. தர்ஷினி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்க எல்லாரையும் ஒரு ஃபோட்டோ எடும்மா," என்றார் பையனின் அம்மா.

எடுத்தாள். நேற்று அவரை ஏற்றிவிட்ட தோள் இன்னும் வலித்தது.

ஹோட்டலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "தர்ஷினி ஒரே பொண்ணுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கோம்டி. உன் விஷயம் தெரிஞ்சா அவளுக்குக் கல்யாணம் நடக்காது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அவர்களுக்கு எரிமலைமேல் நின்ற சிந்து வேண்டும், கல்யாணப் பேச்சில் நிற்கிற சிந்து வேண்டாம்.

பெங்களூர் ஏர்போர்ட் வாசலில் கேப் வந்தது. பெட்டிகளை அவளே டிக்கியில் அடுக்கினாள். அப்பா முன்கதவைத் திறந்துவைத்தார்.

"ஏறும்மா சிந்து, வீட்டுக்குப் போலாம்."

அவள் தன் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"டூர் முடிஞ்சுடுச்சு சார்," என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.