கீழிருந்து மேலே

பூநாரையின் கால் வளையத்தில் உள்ள எண்ணைக் கீழிருந்து மேலாகத்தான் படிக்க வேண்டும். சார்சென்பாயிடம் ஆறு வருடமாக இதைச் சொல்லி என் தொண்டைத்தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ஜீப் ஓட்டுவதிலும் பறவை எண்ணுவதிலும் கெட்டிக்காரன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அவசரம் வந்தால் மட்டும் எல்லாம் தலைகீழ்.

அன்று காலை காஸ்பியன் கரையில் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. தெற்கிலிருந்து வந்த பூநாரைகள் ஆழமில்லாத நீரில் இறங்கி நின்றன. தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடியே அவன், "பிபிசாரா அக்கா, சூயின்ஷி," என்றான்.

நல்ல சேதி வைத்திருப்பவன் இப்படிக் கேட்டுவிட்டால் முதலில் பரிசு, அப்புறம்தான் சேதி. "என்ன வேணுமோ எடுத்துக்கடா," என்றேன். என் கழுத்திலிருந்த ஒட்டக முடி மப்ளரை உருவிக்கொண்டான்.

"நானூத்திப் பதினாறு. உங்க குஞ்சு."

போன ஆகஸ்டில் தெங்கிஸ் ஏரியில் அந்தக் குஞ்சுக்கு வளையம் போட்டவள் நான். அது உதறியபோது பயந்துபோய் வளையம் போட்ட காலை இறுக்கிப் பிடித்துவிட்டேன். விட்டதும் நொண்டிக்கொண்டே போய்க் கூட்டத்தில் மறைந்தது. காலொடிந்த பூநாரை பிழைக்காது. குளிர்காலம் முழுக்க, அதைக் கொன்றவள் நான்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எந்தக் குஞ்சையும் இந்தக் கையால் தொடவில்லை.

அவனை நகர்த்திவிட்டுப் பார்த்தேன். சிறகெல்லாம் சிவந்த பெரிய பறவை. கீழிருந்து படித்தால் அறுநூற்றுப் பதினான்கு.

"ஒரு வயசுகூட ஆகாத குஞ்சு இப்படிச் செவந்திருக்குமாடா? மேலேர்ந்து படிச்சுத் தொலைச்சிருக்க."

அவன் எட்டிப் பார்த்தான். "தப்புதான் அக்கா. மப்ளர்..."

"குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வீட்ல இல்ல. போட்டுக்க. ஆனா கொஞ்ச நேரம் என் கண்ணுல படாத."

அவன் ஜீப்புக்குப் பின்னால் போய்த் தேநீர் ஊற்ற ஆரம்பித்தான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இல்லாத ஒன்றைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டானே. கழுத்து விறைக்க விறைக்க, சாம்பல் நிற இளசுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். வளையமில்லை. வளையமில்லை. பிறகு ஒரு வளையத்தில் சேறு.

கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று, தலையை முதுகில் செருகிக்கொண்டு தூங்கியது. அதன் காலில் வெள்ளை வளையம். படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். என்னை நானே நம்பவில்லை.

"இங்க வா. எண்ணைப் படி. கீழேர்ந்து."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "நாலு," என்றான். "ஒண்ணு." காற்றில் தொலைநோக்கி ஆடியது. இரு கையாலும் பிடித்துக்கொண்டான். "ஆறு."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது.

"கால் எப்படிடா இருக்கு?" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியல, நீயே பாத்துச் சொல்லு."

"ஒத்தக் கால்ல நின்னு தூங்குது அக்கா."

"எந்தக் கால்ல?"

"நீங்க வளையம் போட்ட கால்லதான்."