புரட்டாசிச் சனிக்கிழமை நண்டு

அப்பாவிடம் பொய் சொல்லித்தான் பூச்சோங் வீட்டிலிருந்து கூட்டி வந்தேன். "சும்மா ஒரு ரவுண்டு போவோம்பா, போர்ட் கிள்ளான்ல நண்டு சாப்பிடுவோம்" என்றேன். காரின் பின்னால் அவருடைய துணிப்பை இருந்தது. சாப்பிட்டதும் காப்பாரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவரை விட வேண்டும்.

இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தார். ஒரு முறை வீட்டுக்கு வழி தெரியாமல் பாசாரில் காய்கறிக் கூடையோடு நின்றார். வேலைக்குப் போகிற நான் ஒற்றை ஆளாக என்ன செய்வேன்? ஒரு மாதமாக இதையே எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாளும் நம்பியதில்லை.

கடலோரத்தில் ஒரு சீனர் கடை. பலகைத் தரைக்குக் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நண்டு மேசைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்று புரட்டாசிச் சனிக்கிழமை! மூன்று வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது பெருமாளுக்கு நேர்ந்துகொண்டவர் அப்பா. நாற்பது வருஷமாகப் புரட்டாசி முழுக்கச் சைவம். லோரி ஓட்டிய காலத்திலும் வெறும் சோறும் பருப்பும்தான். நான்தான் விரதத்தையெல்லாம் எப்போதோ கைகழுவியவள்.

வேண்டாம் என்று தடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் நண்டின் ஓட்டை உடைத்துவிட்டார். விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டார். பெரிய காலின் சதையைப் பிரித்து என் தட்டில் வைத்தார்.

இதையும் மறந்துவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெருமாளையே மறந்தவரைக் கொண்டுபோய் விடுவது பாவமில்லை.

"நல்லா இருந்துச்சாப்பா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் லா!"

காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டு கேட்டார். "பையில என் மூக்குக் கண்ணாடிய வெச்சியா, மலரு?"

சாவியைத் திருப்பாமல் அவர் பக்கம் திரும்பினேன்.

"காலையில நீ பை அடுக்குனதப் பார்த்தேன்மா. இன்னிக்குப் புரட்டாசின்னும் தெரியும். பெருமாள்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். இனிமே எப்போ சேர்ந்து உக்காந்து சாப்பிடப் போறோம்? வேணாம்னு சொன்னா உன் மனசு நொந்துடும்ல."

ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கழுவியும் போகாத நண்டு வாசனை அந்தக் கையில் இருந்தது.

சாலைச் சந்திப்பில் வலப்பக்கம் பூச்சோங், இடப்பக்கம் காப்பார். நான் இடப்பக்கம்தான் திரும்பினேன்.